நண்பரோடு தனி ஆட்டம்: டிஜிட்டல் கார்டு கேம்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்பு ஆட்டம் என்றால் என்ன? ரேங்க் ஆட்டத்திலிருந்து எதில் வேறுபடுகிறது?

தரவரிசையில் ஏறுவதற்காக ஆடும் ரேங்க் ஆட்டத்தில் எதிராளியைக் கேம்தான் தேடிப் பிடித்துத் தரும். நட்பு ஆட்டத்தில் யாரோடு ஆடுவது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் ரேங்க் அப்படியே இருக்கும். அதனால் புது டெக்கை, அதாவது ஆட எடுத்துப்போகும் கார்டுக் கட்டை, சோதித்துப் பார்க்கலாம், ஒருவருக்கு ஆடக் கற்றுக்கொடுக்கலாம், ஒரே எதிராளியோடு பத்து ஆட்டம் தொடர்ந்து ஆடலாம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். ரேங்கில் ஒருவரோடு ஒருமுறை மோதிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறோம். ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப ஆடும்போதுதான் அவர் எந்தக் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறார், எப்போது துணிவார், எப்போது பின்வாங்குவார் என்றெல்லாம் பிடிபடத் தொடங்கும். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய காலத்துச் சுவை அதில்தான் இருக்கிறது.

எங்கே தொடங்குவது? எந்த இடத்தில் அந்தப் பட்டன் இருக்கும்?

கேமுக்குக் கேம் இடம் மாறும். ஆனாலும் பெரும்பாலும் மூன்று வழிகளுக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, நண்பர் பட்டியல். ஹார்த்ஸ்டோன் இந்த வகை. நண்பரின் பெயருக்குப் பக்கத்தில் சவால் விடும் குறி இருக்கும். அதைத் தொட்டு, ஸ்டாண்டர்டா (புதிய தொகுப்புகளின் கார்டுகள் மட்டும்) வைல்டா (பழைய கார்டுகளும் சேர்த்து) என்று தேர்ந்தெடுத்தால் அழைப்பு போய்விடும். மேஜிக் அரீனாவிலும் நேரடிச் சவால் உண்டு. அங்கே பெயரோடு சேர்ந்து வரும் ஹேஷ் குறியும் எண்ணும் முக்கியம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான்.

இரண்டாவது, ரூம். யு-கி-ஓ மாஸ்டர் டூயலில் ஒருவர் ரூம் உருவாக்குவார், ஓர் எண் கிடைக்கும், அதை மற்றவருக்கு அனுப்புவார். ஆட்டத்தின் அமைப்புகளை ரூம் போட்டவர்தான் தீர்மானிக்கிறார். ஆகவே ரூமைத் திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. மார்வெல் ஸ்னாப்பின் நட்புப் போரிலும் ஏறக்குறைய இதே கதைதான், ஒருவர் கோட் உருவாக்கி அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, பொதுவான பாஸ்வேர்டு. போக்கிமான் டிசிஜி பாக்கெட்டின் தனி ஆட்டத்தில் இருவரும் ஒரே சொல்லைத் தட்டச்சு செய்தால் கேம் இருவரையும் சேர்த்துவிடும். மூன்றிலும் எளிது இதுதான், ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

பாஸ்வேர்டு போட்டேன், என் நண்பருக்குப் பதில் முன்பின் தெரியாதவர் வந்துவிட்டார். ஏன்?

நீங்கள் போட்ட அதே சொல்லை அதே நேரத்தில் அவரும் போட்டிருப்பார். 1234, கேமின் பெயர், பிரபலமான கதாபாத்திரத்தின் பெயர் இவையெல்லாம் உலகம் முழுக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுபவை. உங்கள் இருவருக்கு மட்டும் தோன்றக்கூடிய ஏதாவது ஒன்றை வையுங்கள், அத்துடன் ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிடச் செய்தியாக அனுப்பி, அப்படியே நகலெடுத்து ஒட்டுவது பாதுகாப்பு.

இந்த ஏற்பாட்டையே ஆட்டக்காரர்கள் அழகாகவும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பாக்கெட்டில் பலம் கூடிய 'எக்ஸ்' வகைக் கார்டுகள் இல்லாமல் ஆட விரும்புகிறவர்கள் 'நோ எக்ஸ்' என்பதையே பாஸ்வேர்டாகப் போட்டு ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். கேமில் இல்லாத ஒரு பிரிவை வெறும் சொல் உடன்பாட்டில் உருவாக்கிவிட்டார்கள்.

அழைப்பே போகவில்லை. அல்லது போகிறது, நண்பரால் ஏற்க முடியவில்லை. எதைப் பார்ப்பது?

நான் வழக்கமாகப் பார்க்கும் வரிசை இது. முதலில் வட்டாரம். ஹார்த்ஸ்டோன் போன்ற கேம்களில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா எனச் சர்வர்கள் தனித்தனி. நண்பர் பட்டியலில் பெயர் தெரியும், ஆன்லைனில் இருப்பதும் தெரியும், ஆனால் வேறு வட்டாரத்தில் இருந்தால் சவால் விட முடியாது. ஒருவர் மாறி வரலாம்தான். ஆனால் கார்டுகள் கூடவே வராது, வட்டாரத்துக்கு வட்டாரம் சேகரிப்பும் தனி.

அடுத்தது பதிப்பு. புதிய அப்டேட் வந்த நாளில் ஒருவர் போட்டிருப்பார், இன்னொருவர் போட்டிருக்க மாட்டார். இருவரும் கேமை மூடித் திறந்து பாருங்கள். அதற்கு அடுத்தது பயிற்சிப் பகுதி. புதிதாகச் சேர்ந்தவர் ஆரம்பப் பாடங்களை முடிக்கும் வரை பல கேம்களில் நண்பர் ஆட்டம் திறக்காது. "பட்டனே காணோம்" என்று புதியவர் சொன்னால் முக்கால்வாசி காரணம் இதுதான்.

கடைசியாக டெக். நீங்கள் அனுப்பிய அழைப்பு ஸ்டாண்டர்டுக்கு, அவர் கையில் இருப்பது வைல்டு டெக் என்றால் தேர்வுத் திரையில் அது மங்கலாகக் கிடக்கும். டெக்கில் ஒரு கார்டு குறைந்தாலும் இதே நிலைதான். ஹார்த்ஸ்டோனில் வழக்கமாக 30, பாக்கெட்டில் சரியாக 20, மாஸ்டர் டூயலில் முதன்மை டெக் 40 முதல் 60 வரை, மார்வெல் ஸ்னாப்பில் 12. எண்ணிக்கையை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ஒருவர் போனிலும் இன்னொருவர் கணினியிலும் ஆடலாமா?

ஹார்த்ஸ்டோன், மேஜிக் அரீனா, மாஸ்டர் டூயல், மார்வெல் ஸ்னாப் நான்கிலும் ஆடலாம். பாக்கெட் போன், டேப்லெட்டுக்கு மட்டும்.

ஆட்டத்துக்கு முன்பு என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கெட்டுப்போன நட்பு ஆட்டங்களில் பெரும்பாலானவை கெட்டது இந்த இடத்தில்தான். பட்டனைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ஒருவர் விளையாட்டாக வந்து, மற்றவர் போட்டிக்கு வந்தால் அதை எந்தப் பட்டனாலும் சரிசெய்ய முடியாது.

நான் ஒருமுறை கார்டுகளின் படத்துக்காக மட்டும் ஆசையாகச் சேர்த்த ஒரு டெக்கோடு போனேன். எதிரே வந்தவர் அடுத்த வாரப் போட்டிக்குத் தீட்டிக்கொண்டிருந்த டெக்கை எடுத்து வந்தார். நான்கு ஆட்டமும் நான்காவது, ஐந்தாவது சுற்றிலேயே (சுற்று என்றால் ஒருவர் தன் முறைக்கு ஆடுவது) முடிந்துவிட்டன. எனக்கு ஆடிய உணர்வு இல்லை, அவருக்குப் பயிற்சி கிடைத்த உணர்வு இல்லை. இருவர் மேலும் தப்பில்லை, முன்னாடி ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் நோக்கத்தைச் சொல்லுங்கள்: பயிற்சியா, பொழுதுபோக்கா, கற்றுக்கொடுப்பதா? அடுத்து டெக்கின் பலம்: ரேங்க் ஏறுவதற்கு ஆடும் டெக்கா, சும்மா கட்டியதா? பிறகு எத்தனை ஆட்டம், நடுவில் டெக் மாற்றலாமா, ஆடிக்கொண்டே பேசலாமா என்பது. பேசலாமா என்று கேட்பது அற்பமாகத் தோன்றலாம். சிலருக்கு யோசிக்க அமைதி வேண்டும், சிலர் பேசுவதற்காகவே ஆட வருகிறார்கள். இதெல்லாம் ஒரே செய்தியில் அடங்கிவிடும்:

"ராத்திரி 9 மணி. ஸ்டாண்டர்ட். மூணுல ரெண்டு ஜெயிக்கணும், நடுவுல டெக் மாத்தக் கூடாது. ஜாலி டெக்தான், பெருசா எதுவும் கொண்டு வராதே. கால்ல பேசிக்கிட்டே ஆடலாம்."

கேமில் இல்லாத விதிகளை வைத்து ஆடலாமா? அதை யார் கண்காணிப்பது?

தாராளமாக ஆடலாம். நட்பு ஆட்டத்தின் ருசியே அதுதான். எல்லாரும் எளிதில் தொடங்கக்கூடியது, சாதாரண வகைக் கார்டுகள் மட்டும் என்ற விதி. காகித மேஜிக்கில் 'பாப்பர்' என்ற பெயரில் இதற்குத் தனி ஆட்டமுறையே இருக்கிறது. அரிய கார்டு வாங்கிக் குவித்தவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் உள்ள இடைவெளி ஒரே அடியில் குறைந்துவிடும். எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கூடாது என்பது இன்னொரு நல்ல விதி. ஒவ்வோர் ஆட்டமும் வேறு மாதிரிப் போகும், மனப்பாடம் செய்த வரிசை எடுபடாது. ஒரே ஒரு கார்டுத் தொகுப்பிலிருந்து மட்டும் டெக் கட்டுவது, இருவரும் டெக்கை மாற்றிக்கொண்டு ஆடுவது, இருவரும் ஒரே டெக்கை ஆடுவது என இன்னும் வழிகள் உண்டு. ஒரே டெக் ஆட்டத்தை ஒருமுறையாவது ஆடிப் பாருங்கள். 'உன் கார்டு நல்ல கார்டு' என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை, உங்கள் முடிவுகள் மட்டும்தான் பேசும்.

கண்காணிப்பு என்று வந்தால், இந்த விதிகளைக் கேம் பார்த்துக்கொள்ளாது. அரிய கார்டு ஒன்று டெக்கில் இருந்தாலும் அது தடுக்காது. அழுகுணி ஆட்டம் ஆடவேண்டும் என்று நினைக்காதவர்கூட மறந்துபோய் ஒரு கார்டை விட்டுவைப்பார். அதற்கு டெக் கோடு, அதாவது டெக்கிலுள்ள கார்டுகளைக் காட்டும் குறியீடு, உதவும். ஹார்த்ஸ்டோனில் 2017 முதல் ஒரு டெக்கை எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரே வரியாக நகலெடுக்க முடியும். மேஜிக் அரீனாவில் எத்தனை பிரதி, எந்தக் கார்டு என்று வரி வரியாகப் பட்டியல் வரும். ஆட்டத்துக்கு முன் இருவரும் தங்கள் கோடை மூன்றாவது நண்பர் ஒருவருக்கு அனுப்பிவிட்டால் போதும், எதிராளியின் டெக் உங்களுக்குத் தெரியாது, விதியும் காப்பாற்றப்படும். மூன்றாவது ஆள் இல்லையென்றால் ஆட்டம் முடிந்ததும் கோடுகளைப் பரிமாறிக்கொள்ளுங்கள். நகலெடுக்கும்போது கடைசி எழுத்து ஒன்று விட்டுப்போனாலும் கோடு திறக்காமல் போகலாம், அதை வைத்து யாரையும் சந்தேகிக்காதீர்கள்.

என்னிடம் கார்டுகள் குறைவு, நண்பரிடம் எல்லாமே இருக்கிறது. ஆட்டம் சமமாக இருக்குமா?

அப்படியே ஆடினால் இருக்காது. ஆனால் சமன் செய்யலாம். ஹார்த்ஸ்டோனில் நட்புச் சவாலின்போது நண்பரின் டெக்கைக் கடன் வாங்கி ஆடும் வசதி இருக்கிறது. அந்தக் கார்டுகள் உங்களிடம் இல்லாவிட்டாலும் ஆடலாம். உங்கள் கேமில் அந்த வசதி இல்லையென்றால், புதியவர்களுக்குக் கேம் இலவசமாகத் தரும் ஆரம்ப டெக்குகளை இருவருமே எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றுக்கொன்று ஓரளவு ஈடாகத்தான் அமைக்கப்பட்டிருக்கும். அதற்கடுத்தது மேலே சொன்ன சாதாரணக் கார்டு விதி.

கார்டு அதிகம் உள்ளவருக்கு ஒரு வார்த்தை. "நான் மெதுவா ஆடுறேன்" என்று சொல்லி வேண்டுமென்றே தப்பாக ஆடுவது உதவி ஆகாது, எதிரே இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். பலம் குறைந்த டெக்கை எடுத்துக்கொண்டு முழு மூச்சாக ஆடுங்கள். அதுதான் மரியாதை.

ஒரே ஆட்டமா, மூன்றில் இரண்டா?

நேரம் இருந்தால் மூன்றில் இரண்டு. கார்டு கேமில் கலைத்துப் போடுவது சர்வர். முதல் கையிலேயே ஒன்றுக்கும் உதவாத கார்டுகள் வருவதுண்டு. ஒரே ஆட்டத்தை வைத்து யார் நன்றாக ஆடினார் என்று சொல்ல முடியாது. மேஜிக்கில் மூன்று ஆட்டத் தொடருக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. 15 கார்டு வரையிலான துணை டெக்கிலிருந்து ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளலாம். முதல் ஆட்டத்தில் பார்த்ததற்கு இரண்டாவதில் பதில் சொல்லலாம். ஒரே ஆட்டத்தோடு முடித்தால் இந்தப் பகுதி முழுக்கக் காணாமல் போகிறது.

யார் முதலில் ஆடுவது? முதல் சுற்று எடுப்பவருக்கு லாபம் இல்லையா?

உண்டு, அதனால்தான் ஒவ்வொரு கேமும் இரண்டாமவருக்கு ஈடு வைத்திருக்கிறது. ஹார்த்ஸ்டோனில் முதலாமவருக்கு 3 கார்டு, இரண்டாமவருக்கு 4 கார்டும், ஒரு சுற்றில் கூடுதலாகச் செலவழிக்க உதவும் 'நாணயம்' என்ற கார்டும். மேஜிக்கில் இருவர் ஆட்டத்தில் முதலில் ஆடுபவர் அந்த முதல் சுற்றில் கார்டு இழுக்க மாட்டார். பாக்கெட்டில் முதலாமவருக்கு முதல் சுற்றில், தாக்குவதற்குத் தேவையான எனர்ஜி கிடையாது. யார் முதலில் என்று நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வது கேம்தான், நட்பு ஆட்டம் என்றாலும் அதில் நாம் கைவைக்க முடியாத கேம்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் முதல் சுற்று திரும்பத் திரும்ப ஒருவருக்கே விழுந்தால், ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதே வழி.

நடுவில் இணைப்பு அறுந்துவிட்டால்?

பெரும்பாலான கேம்களில் ஆட்டம் நடப்பது சர்வரில்தான். அதனால் கேமை உடனே மறுபடி திறந்தால் விட்ட இடத்துக்கே கொண்டுபோய்விடும். பதறிப்போய் அழித்துவிட்டு நிறுவாதீர்கள், அதற்குள் சுற்று நேரம் ஓடிவிடும். ஹார்த்ஸ்டோனில் ஒரு சுற்றுக்கு 75 விநாடி. இணைப்பு அறுந்தவருக்கும் கடிகாரம் நிற்காது.

ஆனால் திரும்ப வர முடியாமலே போனால் கேம் அதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளும். நீங்கள் அப்படி எழுதிக்கொள்ளத் தேவையில்லை. எங்கள் வழக்கம் இது: இரண்டு மூன்று சுற்றுக்குள் அறுந்தால் மறு ஆட்டம். ஆட்டம் முற்றிய நிலையில் அறுந்தால், தங்கிவிட்டவர் மேசையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பார், இருவரும் பார்த்து யார் கை ஓங்கியிருந்தது என்று பேசி முடிவெடுப்போம். ஒத்துப்போகவில்லையென்றால் மறு ஆட்டம்தான். இதைத் தொடருக்கு முன்பே சொல்லி வையுங்கள். அறுந்த பிறகு விதி வைத்தால் யாருக்காவது கசக்கும்.

மற்ற நண்பர்கள் வேடிக்கை பார்க்கலாமா?

பல கேம்களில் பார்க்கலாம். மாஸ்டர் டூயல் ரூமில் பார்வையாளராக உட்காரலாம், ஹார்த்ஸ்டோனில் நண்பரின் ஆட்டத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள். ஹார்த்ஸ்டோனில் பார்க்க வருபவருக்கு அந்த நண்பரின் கையிலுள்ள கார்டுகளும் தெரியும். அவர் அதே குரல் அழைப்பில் இருந்தால், "அடடா!" என்று ஒரு சத்தம் போட்டாலே ரகசியம் வெளியே வந்துவிடும். அதனால் பார்ப்பவர்கள் மைக்கை அணைத்துக்கொள்வதோ, தனி அழைப்பில் பேசிக்கொள்வதோ நல்லது. உங்கள் ஆட்டத்தை நேரலையில் ஒளிபரப்பினால் சில நிமிடம் தாமதம் வைத்து ஒளிபரப்புங்கள்.

ஆறு பேர், எட்டுப் பேர் இருக்கிறோம். சின்னப் போட்டி நடத்துவது எப்படி?

ஆறு பேர் என்றால் எல்லாரும் எல்லாரோடும் மோதட்டும். மொத்தம் 15 மோதல், ஒரே நேரத்தில் மூன்று நடக்கும், ஐந்து சுற்றில் முடிந்துவிடும். எட்டுப் பேரானால் இதே முறைக்கு 28 மோதலும் ஏழு சுற்றும் ஆகும், ஒரே மாலைக்கு அது அதிகம். தோற்றால் வெளியே என்ற முறையில் 7 மோதலில் முடியும், ஆனால் பாதிப் பேர் முதல் சுற்றோடு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நண்பர்கள் கூடும் போட்டிக்கு அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவே இருப்பது சுவிஸ் முறை. முதல் சுற்றில் சீட்டுக் குலுக்கி ஜோடி, அதற்கடுத்து வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. எட்டுப் பேருக்கு மூன்று சுற்று போதும், தோல்வியே காணாத ஒருவர் மிஞ்சுவார், கடைசி இடத்தில் இருப்பவரும் மூன்று மோதல் ஆடியிருப்பார்.

இன்னும் கொஞ்சம் காரம் வேண்டுமென்றால் 'கான்க்வெஸ்ட்' முறையைச் சேருங்கள். ஆளுக்கு மூன்று டெக். எதிராளி அதில் ஒன்றைத் தடை செய்வார். ஜெயித்த டெக்கை மறுபடி எடுக்கக் கூடாது, மீதி இரண்டிலும் ஜெயித்தால்தான் மோதல் உங்களுடையது. ஒரே ஒரு பலமான டெக்கை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. ஹார்த்ஸ்டோனின் பெரிய போட்டிகளில் நான்கு டெக், ஒரு தடை, ஐந்து ஆட்டம் என்று இதே முறையைப் பார்த்திருப்பீர்கள்.

முடிவுகளைக் குழுவில் ஒருவரே எழுதட்டும், வென்றவர் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பட்டும். நேரத்தை மட்டும் கறாராக வையுங்கள். பத்து நிமிடம் ஒருவர் தாமதித்தால் எல்லாருடைய அடுத்த சுற்றும் தள்ளிப்போகும்.

நட்பு ஆட்டத்தில் பரிசு, தங்கம், தினசரிப் பணி எல்லாம் கிடைக்குமா?

கேமுக்குக் கேம் மாறும், பலவற்றில் கிடைக்காது. மேஜிக் அரீனாவின் நேரடிச் சவாலில் பெறும் வெற்றி தினசரி வெற்றிக் கணக்கில் சேராது. பேசி வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தோற்றுக்கொடுத்துப் பரிசு குவிப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

கார்டு கேமே ஆடாத ஒருவருக்கு இதன் வழியாகக் கற்றுக்கொடுக்கலாமா?

இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கேமின் பயிற்சிப் பகுதி எதைத் தொட வேண்டும் என்று கற்றுத்தரும், ஏன் என்று சொல்லாது. புதியவரிடம் திரையைப் பகிரச் சொல்லுங்கள். முதல் ஆட்டத்தில் அவர் கையை நீங்கள் பார்ப்பதுபோல உங்கள் கையையும் வாயால் சொல்லிவிடுங்கள். "என்கிட்ட இந்த மூணு கார்டு இருக்கு, அடுத்த சுற்றுல இதைப் போடலாம்னு இருக்கேன், நீ என்ன செய்வே?" என்று கேட்டுப் பாருங்கள். எதிராளியின் அடுத்த நகர்வை யோசிக்க வேண்டும் என்பதை விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆகும், இப்படி ஆடினால் ஒரே சுற்றில் புரிந்துவிடும்.

இரண்டாவது ஆட்டத்தில் உங்கள் கையை மறையுங்கள். மூன்றாவதில் அவர் திரையைப் பகிர்வதை நிறுத்தட்டும். சுற்று நேரம் உங்களை அவசரப்படுத்தும். நேரத்தைக் கூட்டும் வசதி உங்கள் கேமில் இருந்தால் கூட்டுங்கள். இல்லையென்றால் நேரம் தீர்ந்து சுற்று போனாலும் பரவாயில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கார்டு குறைந்த சின்ன டெக்கில் தொடங்குவது எளிது. 20 கார்டு, 3 புள்ளியோடு முடியும் பாக்கெட் ஆட்டம் 60 கார்டு டெக்கைவிடப் புதியவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

தோற்கப் போவது தெரிந்துவிட்டது. சரணடைந்து அடுத்த ஆட்டத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள். எதிராளி இரண்டு சுற்றாக ஒரு பெரிய நகர்வுக்குக் கார்டு சேர்த்துக்கொண்டிருக்கலாம். "அதை மட்டும் ஆடிக் காட்டு, அப்புறம் விட்டுடறேன்" என்றால் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மார்வெல் ஸ்னாப்பின் நட்புப் போர் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஆளுக்கு 10 உயிர்ப் புள்ளி, ஓர் ஆட்டத்தில் தோற்றால் அதன் பந்தயம் எவ்வளவோ அவ்வளவு குறையும், புள்ளி தீரும் வரை ஆட்டம் தொடரும். நேரத்தோடு பின்வாங்கிக் குறைவாக இழப்பதே அங்கே ஆட்டத்தின் திறமை.

ஆட்டம் முடிந்ததும் மறுபடி ஆட, எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டுமா?

ரூம் வகைக் கேம்களில் தேவையில்லை, ரூமை மூடும் வரை உள்ளேயே இருந்து அடுத்ததைத் தொடங்கலாம். பாஸ்வேர்டு வகையில் அதே சொல்லை இருவரும் மறுபடி போட வேண்டும். நண்பர் பட்டியல் வகையில் புதிதாக ஒரு சவால் அனுப்புங்கள். இந்த முறை தோற்றவர் அனுப்பட்டும், டெக்கை மாற்றிக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.